கடிகார அறைக்கு வருகிறவர்கள் கேட்பவை

இலங்கை மலையகத்து ஹட்டனில் அப்பாவின் பழைய வாச் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை. சுவர்க் கடிகாரம், டைம்பீஸ், சட்டைப்பை வாச், கைவாச் என்று அறுபதுக்கு மேல் இருக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் சுற்றிச் சுற்றிக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். படியேறி மூச்சு வாங்கும்போதே முதலாவது வந்துவிடும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன்.

அக்கா, இது மியூசியமா, இல்ல விக்கிறதுக்கு வச்சிருக்கீங்களா?

விற்பதற்கு இல்லை. மியூசியம் என்ற பெரிய பெயரை இந்த அறை தாங்காது. அப்பா நாற்பது வருடம் வாச் பாஸ், அதாவது வாச் திருத்துகிறவர். டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய், ஆபீஸ் கடிகாரத்துக்கும் ஃபெக்டரிக் கடிகாரத்துக்கும் எண்ணெய் போட்டுவிட்டு வருவார். பெட்டரிக் கடிகாரம் வந்த பிறகு பழையதைக் கழற்றி ஸ்டோருக்குள் போட்டார்கள். சில இடங்களில் கூலிக்குப் பதிலாக அதையே கொடுத்தார்கள். இங்கே இருப்பதில் பாதி அப்படிச் சேர்ந்தது.

மீதி, திருத்தக் கொடுத்துவிட்டு எடுக்க வராதவர்களுடையது. அப்பா பெயரெழுதிக் கட்டிய அட்டைத் துண்டு ஒவ்வொன்றிலும் இன்னும் தொங்குகிறது. சொந்தக்காரர் வந்தால் கொடுத்துவிடுவேன். இதுவரை இரண்டு பேர் வந்திருக்கிறார்கள்.

எப்ப திறந்திருக்கும்? டிக்கெட் எவ்வளவு?

சனி, ஞாயிறு காலை ஒன்பதரையிலிருந்து ஒரு மணி வரை. போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் இல்லை. டிக்கெட் கிடையாது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பால்மா டின் இருக்கும், மனமிருந்தால் எண்ணெய்ச் செலவுக்குப் போடுங்கள்.

எத்தனை மணிக்கு வந்தா நல்லது?

பதினொன்றரைக்கு வந்து பன்னிரண்டு அடித்து முடியும்வரை இருங்கள். எல்லாம் ஒன்றாக அடிக்கும் என்று எதிர்பார்த்து வராதீர்கள். முதலாவது தொடங்கிக் கடைசியானது முடிய ஐந்து நிமிடத்துக்குக் கிட்ட ஆகும். இரும்புச் சுருளில் அடிக்கிறது கனமாக இருக்கும், மணியில் அடிக்கிறது கோயில் பூசை மாதிரி கணகணக்கும். குயில் கடிகாரம் ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதிச் சாமான். அதற்குள் குயில் கூவுவதற்கு இரண்டு குட்டித் துருத்திகள் உண்டு, ஒன்று "குக்", மற்றது "கூ". ஒரு துருத்தியின் தாள் கிழிந்துவிட்டதால் எங்கள் குயில் "குக்" மட்டும் சொல்லும். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கிறது.

ஏன் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நேரம் காட்டுது? சரிபண்ணி வைக்கக் கூடாதா?

வைக்கலாம். வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அறுபதும் ஒரே நேரத்தில் அடித்தால் அது சத்தம், ஒன்றின் குரலும் தெரியாது. கதவுக்கு நேரே உள்ள பெரிய கடிகாரம் சரியான நேரம். பஸ் பிடிக்க வேண்டியவர்கள் அதைப் பாருங்கள். இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு கடிகாரங்கள் வேண்டுமென்றே "தப்பான" நேரத்தில் ஓடுகின்றன. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தொட்டுப் பார்க்கலாமா? ஃபோட்டோ எடுக்கலாமா?

ஃபோட்டோ தாராளமாக. தொடுவதற்கென்று மேசையில் நான்கு வைத்திருக்கிறேன், சாவி கொடுத்துப் பார்க்கலாம், முதுகைத் திறந்தும் பார்க்கலாம். சுவரில் இருப்பதைத் தொட வேண்டாம். பலகைத் தளம் என்பதால் ஓட வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டி வாருங்கள். தளம் ஆடினால் சுவர் ஆடும், சுவர் ஆடினால் தொங்கல் (ஊசல்) நின்றுவிடும்.

இங்கிலீஷ்காரன் கடிகாரத்தோட வந்தான். அதுக்கு முந்தி இந்த மலையில நேரம் எப்படிப் பார்த்தாங்க?

ஜன்னலோரம் மண்சட்டியும் செப்புக் கிண்ணமும் இருப்பதைப் பார்த்து "இது எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். கண்டி ராஜ்ஜியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ராபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயன் இதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறான். அடியில் மிகச் சின்ன ஓட்டை உள்ள செப்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். தண்ணீர் மெதுவாக ஏறி, நிறைந்ததும் கிண்ணம் மூழ்கும். ஒரு மூழ்கல், ஒரு கணக்கு. பகலுக்கு 30, இரவுக்கு 30. தமிழில் இதற்கு நாழிகை வட்டில் என்று பெயர். நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிடம்.

எங்கள் கிண்ணம் பழையதல்ல. அப்பா ஒரு செப்புத் தட்டை அடித்துச் செய்தது. முதல் ஓட்டை பெரிதாகிவிட்டது, பதினொரு நிமிடத்தில் மூழ்கியது. ஈயம் வைத்து அடைத்துத் திரும்பவும் ஊசியால் குத்தி, கடைசியில் 24 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். நீங்கள் உள்ளே வந்ததும் மிதக்கவிடச் சொல்லுங்கள், சுற்றிப் பார்த்து முடியும்போது மூழ்கும். மூழ்குகிற அந்த நொடியில் "களுக்" என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்கத் தவறியவர்கள் இன்னொரு நாழிகை இருந்திருக்கிறார்கள்.

கடிகாரத்துக்கு நடுவுல தப்பு மேளம் எதுக்குத் தொங்குது?

அதுவும் கடிகாரம்தான். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் தப்புச் சத்தம், பிறகு பெரட்டுக் களம் (வேலைக்கு ஆட்களை எண்ணிப் பிரிக்கும் இடம்), பெரட்டில் பேர் கொடுத்தால் அன்றைக்கு வேலை. ஃபெக்டரியில் சங்கு ஊதினால் இன்னொரு கணக்கு. நேரத்துக்குப் போகாவிட்டால், கொழுந்து குறைந்தால், அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். அந்த நேரத்தைக் காட்டிய கடிகாரமோ ஆபீஸுக்குள் தொங்கியது. கொழுந்து பறித்த கைகள் அதற்குச் சாவி கொடுத்ததில்லை, பலருடைய கண்கள் அதைப் பார்த்ததுமில்லை. ஆபீஸ் கடிகாரத்தையும் தப்பையும் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்பது என் பிடிவாதம். அப்பாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. "சத்தம் போடுறத எல்லாம் கடிகாரம்னு சொல்லுவியா" என்றார்.

அப்ப தப்படிக்கிறவரை யார் எழுப்பினாங்க?

இது நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டது. பெரியவர்கள் யாரும் கேட்டதில்லை. விடிவெள்ளி, சேவல், பழக்கம் என்று அப்பா பதில் சொன்னார். கொஞ்ச நாள் கழித்து, தன் தாத்தா தப்படித்த தோட்டத்திலிருந்து ஒரு தம்பி வந்து, துணியில் சுற்றிய டைம்பீஸ் ஒன்றை மேசையில் வைத்தார். தலையில் இரண்டு மணி, நடுவில் சின்னச் சுத்தியல். வீட்டில் மற்றவர்கள் முழித்துவிடக் கூடாதென்று தாத்தா அந்த மணிகளுக்கு நடுவில் கிழிந்த பெனியன் துணி திணித்து வைத்திருந்தார். துணியை நான் எடுக்கவில்லை. தப்புக்குக் கீழே, கண்ணாடிக்குள், துணியோடு அது இருக்கிறது.

நாலுக்கு ரோமன் எழுத்துல ஏன் நாலு கோடு போட்டிருக்கு? அச்சுப் பிழையா?

பிழையில்லை, கடிகாரக்காரர்களின் பழைய வழக்கம். எதிரே உள்ள எட்டு நான்கு எழுத்து பிடிக்கும், இந்தப் பக்கம் நான்கு கோடு போட்டால் முகம் இரண்டு பக்கமும் சமனாகத் தெரியும். எங்களிடம் ரோமன் எழுத்துள்ள எல்லா முகத்திலும் இப்படித்தான்.

"பழைய நேரம்"னு எழுதிய மூணு கடிகாரம் என்ன கதை?

முன்னால் சொன்ன "தப்பான" இரண்டும் இந்த மூன்றில் அடக்கம். முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இது சரியாக ஞாபகம் இருக்காது. இலங்கை நேரம் 1906இலிருந்து கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முன்னால். போர்க்காலத்தில் 1942 முதல் 1945 வரை கடிகாரத்தை முன்தள்ளினார்கள், பிறகு பழையபடி ஆனது. 1996 மே 25இல் கரண்ட் தட்டுப்பாட்டுக்காக ஒரு மணித்தியாலம் கூட்டினார்கள், ஆறரை ஆனது. ஐந்து மாதத்தில், ஒக்டோபர் 26இல், அரை மணி குறைத்து ஆறு ஆக்கினார்கள். அப்படியே பத்து வருடம் ஓடி, 2006 ஏப்ரல் 15இல் திரும்பவும் ஐந்தரை.

அந்தப் பத்து வருடமும் மலையில் எல்லோருக்கும் இரண்டு நேரம். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தம் போட்டால் "புது நேரமா, பழைய நேரமா?" என்று கேட்பார்கள். ஐயரின் பஞ்சாங்கம் ஒன்று சொல்லும், ரேடியோ ஒன்று சொல்லும். விடியாமலே பெரட்டுக்குப் போனதை அம்மா இன்னும் திட்டுகிறார். முதல் கடிகாரம் இப்போதும் உள்ள ஐந்தரையிலும் இரண்டாவது ஆறிலும் மூன்றாவது ஆறரையிலும் ஓடுகின்றன. உங்கள் பிறந்த நேரம் அந்த வருடங்களில் என்றால் ஜாதகக்காரரிடம் எந்த நேரம் என்று சொல்லிவிடுங்கள்.

எங்க வீட்டுல தாத்தாவோட கடிகாரம் ஒண்ணு இருக்கு. எவ்வளவு போகும்?

வாரத்துக்கு மூன்று பேராவது கேட்பது. நான் விலை சொல்வதில்லை. முகத்தில் எட்டு முனை நட்சத்திரமும் நடுவில் "ஜே" எழுத்தும் இருந்தால் ஜெர்மனியின் ஜங்கன்ஸ். 1861இல் தொடங்கிய கம்பெனி, ஏராளமாகச் செய்தது, அரிதல்ல. அமெரிக்க அன்சோனியா, சேத் தோமஸ் பெயர்களும் இந்தப் பக்கம் கிடைக்கும். பெயரைவிட முக்கியம், உள்ளே இருப்பது அதனுடைய சொந்த எந்திரம்தானா என்பது. பெட்டி பழையது, உள்ளே பிளாஸ்டிக் பெட்டரி எந்திரம் என்று நிறைய வந்திருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்வேன். பெட்டியைப் பளபளவென்று வார்னிஷ் அடிக்க வேண்டாம், முகத்தைத் துடைத்து எழுத்தை அழிக்க வேண்டாம். விற்க நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் அதில் கெடுதல்தான்.

சாவி கொடுத்தா ரெண்டு நிமிஷம் ஓடி நிக்குது. கெட்டுப்போச்சா?

பத்தில் ஆறு கேஸ் கெட்டதில்லை, சாய்ந்து தொங்குகிறது. காதைக் கிட்ட வைத்துக் கேளுங்கள். "டிக்...டாக்...டிக்...டாக்" என்று இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். "டிக்டாக்.....டிக்டாக்" என்று நொண்டினால், பெட்டியின் அடிப்பக்கத்தை இம்மியளவு இடமோ வலமோ நகர்த்தி, நொண்டல் போகும் இடத்தில் நிறுத்துங்கள். லயச் சுவர் நேராக இல்லாவிட்டால் பெட்டி பார்வைக்குக் கோணலாகத் தெரியும். காதுக்கு நேராக இருந்தால் போதும்.

தேங்காய் எண்ணெய் போடலாமா? எங்க அப்பா அதுதான் போடுவாரு.

போடாதீர்கள். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் குளியலறைப் போத்தல் வெள்ளையாய்க் கட்டிப்போய், வெந்நீரில் வைத்துத் தலைக்குப் பூசுகிறோம் இல்லையா? அந்தக் கட்டிதான் கடிகாரத்தின் சக்கர நுனியிலும். ஒருமுறை ஒரு ஃபெக்டரிக் கடிகாரம் வந்தது: காலையில் நிற்கும், பத்து மணிக்கு வெயில் ஏறினால் தானே ஓடும், சாயங்காலம் திரும்ப நிற்கும். பேய் என்றே முடிவு கட்டியிருந்தார்கள். அப்பா திறந்து பார்த்தபோது ஒவ்வொரு ஓட்டையிலும் வெண்ணெய் மாதிரி ஒரு பொட்டு. பெட்ரோலில் கழுவி, கடிகார எண்ணெய் ஊசிமுனையால் தொட்டு வைத்தார். பேய் போய்விட்டது.

எண்ணெய் கொட்டக் கூடாது. ஓர் ஓட்டைக்கு ஊசிமுனை அளவு. பல்லுக்குப் பல் தொடும் சக்கரங்களுக்கு வேண்டவே வேண்டாம், தூசியைப் பிடித்து அரைக்கும்.

முள்ளைப் பின்னுக்குச் சுத்தினா மணி தப்பா அடிக்குது. ஏன்?

பழைய கடிகாரங்கள் பலவற்றில் மணி அடிக்கும் பகுதி முள்ளைப் பார்ப்பதில்லை. விளிம்பில் வெட்டுள்ள ஒரு சக்கரம் உண்டு. அது 1, 2, 3 என்று வரிசையாக எண்ணிக்கொண்டே போகும், பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மொத்தம் 78 அடி. முள் மூன்றில் இருந்தாலும் அதன் முறை ஏழு என்றால் ஏழுதான் அடிக்கும். முள்ளை எப்போதும் முன்னுக்கே நகர்த்துங்கள், ஒவ்வொரு மணியிலும் அடித்து முடியும்வரை நில்லுங்கள். அரை மணி பிந்த வைக்க வேண்டுமா? தொங்கலை அரை மணி நிறுத்திவிட்டுத் தேநீர் குடியுங்கள்.

கொழும்புல சரியா ஓடின கடிகாரம் நுவரெலியாவுக்குக் கொண்டுபோனதும் பிந்துது. குளிராலயா?

குளிர் உண்மையில் எதிர்ப்பக்கம் இழுக்கும். குளிரில் இரும்புத் தண்டு சுருங்கும், தொங்கல் நீளம் குறைந்து கடிகாரம் முந்தும். ஒரு பாகைக்கு, நாளுக்கு சுமார் அரைச் செக்கன். பிந்துவதற்குக் காரணம் உயரம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். மேலே போகப் போகப் பூமியின் இழுப்பு கொஞ்சம் குறையும், தொங்கல் சோம்பலாக ஆடும். நாளுக்கு 15 முதல் 25 செக்கன் பிந்தும், குளிர் அதில் ஐந்தாறைத் திருப்பித் தரும். தொங்கலுக்கு அடியில் உள்ள சுரையை (நட்டை)க் கொஞ்சம் முறுக்கிக் குண்டை மேலே ஏற்றினால் சரி.

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஜெர்மனியிலிருந்து வந்த கடிகாரத்துக்கு. பூமி நடுவில் கொஞ்சம் புடைத்திருக்கிறது, சுழற்சியும் அங்கேதான் அதிகம். அதனால் இங்கே இழுப்பு குறைவு. ஜெர்மனியில் சரியாக வைத்த தொங்கல் கடிகாரம் இலங்கையில் நாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பிந்தும். பிரெஞ்சுக்காரர் ஜான் ரிஷேர் 1672இல் பாரிஸிலிருந்து தென்னமெரிக்காவின் கயேன் தீவுக்குக் கொண்டுபோன கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. அப்போதுதான் விஷயம் தெரிய வந்தது. செக்கனுக்கு ஓர் ஆட்டம் ஆடும் தொங்கல் பாரிஸில் 994 மில்லிமீற்றர், எங்கள் ஊரில் 991. கைவாச்சுக்கு இந்தத் தொந்தரவு கிடையாது. அதில் ஆடுவது மயிர்ச்சுருளும் சக்கரமும்.

ஒரே பலகையில தொங்குற ரெண்டு கடிகாரமும் எதிரெதிரா ஆடுதே, நீங்க செட் பண்ணி வச்சதா?

இல்லை, தானாக. தொங்கல் கடிகாரத்தை 1656இல் செய்த டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ், 1665இல் நோயில் படுத்திருந்தபோது இதைக் கண்டார். ஒன்று இடம் போனால் மற்றது வலம். பலகையின் நம்ப முடியாத சின்ன அதிர்வு வழியாக ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன. நான் காலையில் ஒன்றை நிறுத்திக் கண்டபடி ஆட்டிவிட்டுப் போவேன். மத்தியானத்துக்குள் திரும்ப எதிரெதிரே வந்திருக்கும். அம்மா இதைப் பார்த்து "உங்க அப்பாவும் நானும் மாதிரி" என்றார்.

இருட்டுல பச்சையா மின்னுற பழைய வாச் ஆபத்துன்னு சொல்றாங்களே?

எண்களில் ரேடியம் பூசியதாக இருந்தால் கவனம் வேண்டும். 1960கள் வரை அது புழக்கத்தில் இருந்தது. இப்போது மின்னவில்லை என்பதால் ரேடியம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். தேய்ந்தது ரேடியத்தோடு கலந்த மின்னும் பொடி மட்டும்தான். ரேடியம் பாதியாகக் குறையவே 1600 வருடம் வேண்டும். மூடிய கண்ணாடிக்குள் இருக்கும்வரை பார்ப்பதில் பயமில்லை. திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், அந்தத் தூள் மூக்குக்குள் போகக் கூடாது. எங்களிடம் உள்ள இரண்டும் தனிப் பெட்டியில், தொட முடியாத உயரத்தில்.

பழைய சாமான் அறையில கசியோ எதுக்கு?

ஐந்து தட்டில் ஒரு தட்டு புதியவற்றுக்கு. 1969 டிசம்பர் 25இல் ஜப்பானில் செய்கோ முதல் குவார்ட்ஸ் கைவாச்சை விற்பனைக்கு விட்டது, விலை ஒரு கார் விலை. இப்போதைய குவார்ட்ஸ் வாச்சுக்குள் ஒரு குவார்ட்ஸ் பளிங்குத் துண்டு செக்கனுக்கு 32,768 முறை அதிரும். அதைத் திரும்பத் திரும்பப் பாதியாக்கினால் பதினைந்தாவது தடவையில் செக்கனுக்கு ஒன்று. இருபது வருடத்தில், 1989இல் வந்த கசியோ எஃப்-91டபிள்யூ யாரும் வாங்கக்கூடிய விலைக்கு வந்துவிட்டது. அப்பாவின் தொழிலைத் தின்றது அதுதான். ஆனாலும் அதைத் தட்டில் வைத்தவரும் அவர்தான்.

பக்கத்தில் எச்எம்டி கைவாச்சுகள் ஏழு. பெங்களூரில் 1961இலிருந்து செய்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போன சொந்தங்கள் திரும்பிப் பார்க்க வரும்போது கையில் கட்டிக்கொண்டு வந்து, போகும்போது கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனவை. ஒன்றின் முதுகில் யாரோ ஆணியால் "தங்கச்சிக்கு" என்று கீறியிருக்கிறார்கள்.

மொட்டை மாடி நிழல் கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது என் ஃபோன் 12:07 காட்டுது. எது பிழை?

இரண்டும் சரி. ஐந்தரை மணி நேரம் என்பது 82.5 பாகை தீர்க்கரேகைக்குரியது, ஹட்டன் கிட்டத்தட்ட 80.6இல் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம், ஆகவே சூரியன் எங்களிடம் ஏழரை நிமிடம் பிந்தித்தான் உச்சிக்கு வரும். அதோடு சூரியன் வருடம் முழுக்க ஒரே வேகத்தில் நடப்பதாகத் தெரியாது. பெப்ரவரி நடுவில் உச்சி 12:21 வரை போகும், நவம்பர் தொடக்கத்தில் 11:51க்கே வந்துவிடும். "பழைய நேரம்" சுவரில் உள்ள ஆறரைக் கடிகாரத்தோடு பார்த்தால் பெரும்பாலும் ஒரு மணி தாண்டித்தான் நடுப்பகல்.

நிழல் கடிகாரத்தில் நிழல் விழுத்தும் ஆணி ஏன் கிட்டத்தட்டப் படுத்திருக்கிறது என்றும் கேட்பார்கள். அது அந்த ஊர் அட்சரேகை அளவுக்குச் சாய வேண்டும். லண்டனில் 51 பாகை, எங்களுக்கு ஏழுகூட இல்லை. ஏப்ரல் 7 அளவில் சூரியன் நேர் உச்சிக்கு வரும்போது, 12:10 மணியளவில், மாடியில் நிற்க வைத்த பென்சிலுக்கு நிழலே இருக்காது. அன்றைக்கு மாடிக் கதவு திறந்திருக்கும். பென்சில் நான் தருகிறேன். மேகம் மூடினால் மறுநாள் வாருங்கள், ஒருநாள் தள்ளிப் போனாலும் நிழல் மயிரளவுதான்.